‘ஷிராஸ்’ (1928): வேலூர்த் திரையிடல்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரிலும் காட்பாடியிலும் நண்பர்கள் சிலர் சேர்ந்து, கோடைக்கால இரவுகளில் மொட்டை மாடியிலும் மற்ற நாள்களில் கிடைக்கும் கூடத்திலும் பழைய படங்களைத் திரையிட்டு வருகிறோம். அவற்றுள் பார்த்தவர்களை மிகுதியாகக் கேள்வி கேட்க வைத்த படம் ‘ஷிராஸ்’. கல்லூரி மாணவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், பேரப்பிள்ளைகளோடு வந்த பாட்டிமார் என யார் வந்தாலும் ஐயங்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே உள்ளன. மூன்றாம் கேள்வியிலிருந்து கதையின் முடிவு வெளிப்பட்டுவிடும். படத்தைப் பார்க்காதவர்கள் முதல் இரண்டை மட்டும் படித்துவிட்டுப் பார்க்க வரலாம்.

இது எந்த மொழிப் படம் சார்? போஸ்டர்ல போடவே இல்லையே?

இது 1928-இல் வெளிவந்த மௌனப் படம். நடிகர்கள் பேசுவது நம் காதில் விழாது என்பதால் படத்துக்கென்று ஒரு மொழி இல்லை. இடையிடையே வரும் எழுத்து அட்டைகளை எந்த மொழியில் எழுதிச் சேர்க்கிறார்களோ அந்த மொழியினருக்கு உரிய படமாக அது ஆகிவிடும். நாங்கள் திரையிடும் பிரதியில் அட்டைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஒருவர் ஒலிபெருக்கியில் அவற்றைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார்.

வங்காளத்தைச் சேர்ந்த ஹிமான்ஷு ராய் இப்படத்தைத் தயாரித்து, ஷிராஸ் என்ற முதன்மைப் பாத்திரத்திலும் நடித்தார். இயக்கியவர் ஜெர்மானியரான ஃபிரான்ஸ் ஆஸ்டன். விடுதலைப் போராட்டத் தலைவர் பிபின் சந்திர பாலின் மகனான நிரஞ்சன் பால் எழுதிய நாடகமே கதைக்கு மூலம். பணமும் தொழில்நுட்பமும் பிரிட்டனிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்தன; நடிகர்களும் நிலமும் வெயிலும் இந்தியாவினுடையவை. படம் ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடும்.

இன்னா சார், பேச்சே இல்லாம கதை எப்படிப் புரியும்? தூக்கம் வந்துடாதா?

முதல் கால் மணி நேரத்தில் சிலருக்குத் தூக்கம் வருவது உண்மைதான். அதற்குப் பிறகு கண் பழகிவிடுகிறது. முகத்தை எப்போது அண்மையில் காட்டுகிறார்கள், யார் யாரைப் பார்க்கிறார்கள், பார்க்கப்படுபவர் அதை அறிவாரா என்பவற்றைக் கவனித்தாலே கதையின் பெரும்பகுதி விளங்கிவிடும். எழுத்து அட்டைகள் மிகக் குறைவாகவே வரும். வரும்போது அவற்றைத் தவறவிடக் கூடாது.

மேலும் நம் பகுதி மக்களுக்கு இது அவ்வளவு அந்நியமான அனுபவமும் அன்று. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும் ஊர்கள் பழைய வட ஆர்க்காட்டில் ஏராளம். கூத்தாடுபவரின் பாட்டு கடைசி வரிசைக்குச் சரியாகக் கேட்காத இரவுகளிலும், துச்சாதனன் கை நீள்வதைப் பார்த்தே கூட்டம் அடுத்து நடக்கப்போவதை அறிந்துகொள்ளும். மௌனப் படக் காலத்துத் தமிழ்நாட்டில் திரையருகே ஒருவர் நின்று கதையை விளக்கிச் சொன்னதும், ஆர்மோனியமும் தபலாவும் வாசிக்கப்பட்டதும் இதே பழக்கத்தின் தொடர்ச்சியே. மௌனப் படம் அந்த நாளிலும் நிசப்தமாகப் பார்க்கப்பட்டதில்லை.

கதைய ஒரு தடவ முழுசா சொல்லிடுங்க, நடுவுல கொஞ்சம் விட்டுட்டேன்.

பாலைவனத்தில் ஒரு பயணக் கூட்டம் கொள்ளையரால் தாக்கப்படுகிறது. தப்பிப் பிழைத்த பெண் குழந்தையைக் குயவர் ஒருவர் கண்டெடுத்துத் தம் மகன் ஷிராஸோடு வளர்க்கிறார். அவள் அரச குலத்தில் பிறந்தவள் என்பது அவர்களுக்குத் தெரியாது. செலிமா என்ற பெயரில் வளரும் அவள்மேல் ஷிராஸுக்குக் காதல் அரும்புகிறது. அடிமை வணிகர்கள் அவளைக் கடத்திச் சென்று விற்கிறார்கள். வாங்குபவர் பின்னாளில் ஷாஜஹான் என்று புகழ்பெறப்போகும் இளவரசர் குர்ரம். ஷிராஸ் அவளைத் தேடிக்கொண்டு தலைநகருக்கு வந்து, அரண்மனை வாயிலையே சுற்றித் திரிகிறான். உள்ளே குர்ரம் செலிமாவை மனமார விரும்பத் தொடங்குகிறார். அவளுக்கும் அவர்மேல் விருப்பம் உண்டாகிறது. ஆனால் விலைக்கு வாங்கிய அடிமைப் பெண் பட்டத்து இளவரசரின் மனைவியாக முடியாது.

இளவரசரை அடையக் கனவு கண்ட டாலியா என்ற சீமாட்டி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய சூழ்ச்சியால் ஷிராஸ் அந்தப்புரத்துக்குள் நுழைய வழி பிறக்கிறது. செலிமாவோடு அவன் இருக்கும்போது இளவரசர் கண்டுவிடுகிறார். ஷிராஸை யானையின் காலால் மிதித்துக் கொல்லும்படி தண்டனை விதிக்கப்படுகிறது. கடைசி நேரத்தில் செலிமாவின் பிறப்பைக் காட்டும் பதக்கம் அவனைக் காப்பாற்றுகிறது. டாலியா நாடு கடத்தப்படுகிறாள். செலிமா குர்ரமை மணந்து மும்தாஜ் மஹால் ஆகிறாள். ஆண்டுகள் கழித்து அவள் இறந்தபோது, நினைவு மண்டபத்துக்காகப் பேரரசர் தேர்ந்தெடுத்த வடிவம், முதுமையடைந்து பார்வையும் இழந்துவிட்ட ஷிராஸ் உருவாக்கியது.

டாலியாவா நடிச்ச பொண்ணு வெள்ளைக்காரப் பொண்ணா?

சீதா தேவி என்ற திரைப்பெயருடைய அவருடைய இயற்பெயர் ரெனி ஸ்மித், ஆங்கிலோ இந்தியர். ஜோலார்பேட்டை ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களை நினைவில் வைத்திருக்கும் மூத்தவர்கள் திரையில் அவரைக் கண்டதுமே ஊகித்துவிடுகிறார்கள். மற்ற குடும்பங்கள் தம் பெண்களைப் படத்தில் நடிக்க அனுப்பத் தயங்கிய அக்காலத்தில் திரைக்கு வந்தவர்களுள் பலர் அச்சமூகத்தினர். பேச வேண்டிய தேவை இல்லாததால் இந்தி, உருது உச்சரிப்பு ஒரு தடையாக இல்லை. பேசும் படம் வந்த பிறகு இந்த வசதி போய்விட்டது.

செலிமாவாக நடித்தவர் இனாக்ஷி ராமராவ். பின்னர் இயக்குநர் மோகன் பவ்நானியை மணந்தவர். குர்ரமாக வருபவர் ஓவியரும் கலை இயக்குநருமான சாரு ராய். என் கணிப்பில் நால்வருள் மிகச் சிறப்பாக நடித்தவர் சீதா தேவிதான். ஹிமான்ஷு ராய் சில இடங்களில் மேடை நாடகத்தை மறக்க மறுக்கிறார்.

கோட்டை, அகழி எல்லாம் பாத்தா நம்ம வேலூர் கோட்டை மாதிரியே தெரியுதே, இங்க எடுத்தாங்களா?

இல்லை. படம் வட இந்தியாவில் எடுக்கப்பட்டது. நம் கோட்டை விஜயநகரக் காலத்தது, கருங்கல்லால் ஆனது. படத்தில் தெரிபவை முகலாயப் பாணிக் கட்டடங்கள். அங்கே சிவப்பு மணற்கல்லும் சலவைக்கல்லும் ஆட்சி செய்கின்றன. வளைவு வாசல்களைக் கண்டு நம் கோட்டைக்குள் இருக்கும் திப்பு மஹாலையும் ஹைதர் மஹாலையும் நினைத்துக்கொள்வது இயல்பே.

குயவர் வேலைய உண்மையாவே காட்டுறாங்களா, சும்மா பேருக்கா?

கொசப்பேட்டையிலிருந்து வந்திருந்த ஒருவர் கேட்ட கேள்வி இது. களிமண்ணில் பிள்ளையார் செய்யும் குடும்பத்தவர். கதைக்குத் தேவையான அளவுக்கே காட்டுகிறார்கள் என்பதே நேர்மையான விடை. சக்கரமும் பானையும் பின்னணியில் இருக்கின்றன. மண் பிசைவது, சூளை வைப்பது போன்றவற்றில் படத்துக்கு அக்கறை இல்லை. ஆனால் நாயகனைப் போர்வீரனாகவோ கவிஞனாகவோ ஆக்காமல் குயவர் மகனாக வைத்ததில் ஒரு காரணம் இருக்கிறது. கண் போன பிறகும் கையால் தடவியே வடிவத்தை அறியக்கூடியவன்தான் கடைசிக் காட்சிக்குத் தேவை. மண்ணில் பழகிய கைக்கு அது இயலும் என்று பார்ப்பவர் நம்புகிறார். மேற்படி நண்பரும் அதை மறுக்கவில்லை.

அந்தக் காலத்துலயே முத்தக் காட்சியா? சென்சார் எப்படி விட்டாங்க?

படத்தில் முத்தம் உண்டு; இந்த இடத்தில் கூட்டம் சற்று நெளிவதும் உண்டு. 1918-ஆம் ஆண்டின் சினிமாச் சட்டத்தைத் தொடர்ந்து சென்னை, பம்பாய், கல்கத்தா போன்ற நகரங்களில் தணிக்கை வாரியங்கள் அமைந்தன. அவை காதல் காட்சிகளைவிட அரசியலைக் கண்டே மிகுதியாக அஞ்சின. 1921-இல் வந்த ‘பக்த விதுரர்’ என்ற புராணப் படத்தில் விதுரர் காந்தியடிகளின் சாயலில் தோன்றியதால் அப்படம் சென்னை மாகாணத்தில் தடை செய்யப்பட்டது. முத்தம் இந்தியத் திரையிலிருந்து ஏறத்தாழ முழுமையாக விலகியது அதற்குப் பின்னர்தான்.

கதை நிஜமா? ஷாஜஹான் பத்தி இப்படி எங்கேயும் படிச்சதில்லையே?

மேல்விஷாரம், ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வரும் மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. கதை கற்பனை. மும்தாஜ் மஹாலின் இயற்பெயர் அர்ஜுமந்த் பானு பேகம். பிறந்தது 1593-இல். தந்தை ஆசஃப் கான் அரசவையில் மிகுந்த செல்வாக்குடையவர், அத்தை நூர்ஜஹான். அவர் அடிமையாக விற்கப்படவும் இல்லை, குயவர் வீட்டில் வளரவும் இல்லை. குர்ரமுக்கும் அவருக்கும் திருமணம் நடந்தது 1612-இல். 1631-இல் புர்ஹான்பூரில், பதினான்காவது பிள்ளைப்பேற்றின்போது காலமானார்.

தாஜ்மஹாலின் கட்டடப் பணி அதற்கு அடுத்த ஆண்டு தொடங்கியது. தலைமைக் கட்டடக் கலைஞராக வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் குறிப்பிடுவது உஸ்தாத் அஹ்மத் லாஹௌரியை. ஷிராஸ் என்ற குயவர் மகன் வரலாற்றில் இல்லை. உண்மையான மனிதர்களின் பெயரை வைத்துக்கொண்டு, வரலாறு சொல்லாத ஒரு காதலை இடையில் செருகுவது நாடகக்காரர்களின் பழைய வழக்கம். அப்படி ஒரு நாடகமாகவே இதைப் பார்க்க வேண்டும்.

கட்டினவங்க கைய வெட்டிட்டாங்க, கண்ண நோண்டிட்டாங்கன்னு சொல்றாங்களே, அதுவும் பொய்யா?

அதற்குச் சான்று ஏதும் இல்லை. உலகின் பல பெருங்கட்டடங்களைப் பற்றி, வேறொன்று அதுபோல் எழக் கூடாது என்பதற்காகக் கலைஞனைக் குருடாக்கியதாகக் கதை வழங்குகிறது. படம் இந்தப் பழங்கதையை அறிந்தே கையாள்கிறது. வடிவம் தேர்ந்தெடுக்கப்படும்போது ஷிராஸ் ஏற்கெனவே பார்வையற்றவன் என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள். அரசர் பறிக்கக்கூடியது எதுவும் அவனிடம் மிச்சம் இல்லை.

ஷிராஸ் நிஜமாவே அவள லவ் பண்றான்தானே? அப்போ இளவரசர் சந்தேகப்பட்டது எப்படித் தப்பாகும்?

எல்லாத் திரையிடல்களிலும் விவாதம் சூடுபிடிப்பது இந்த இடத்தில்தான். குர்ரம் கண்டவற்றை வரிசையாக எடுத்துக்கொள்வோம். அந்தப்புரத்தில் அந்நிய ஆடவன் ஒருவன் இருக்கிறான், அது உண்மை. அவன் செலிமாவை நெருங்கி நிற்கிறான், அதுவும் உண்மை. அவன் முகத்தில் காதல் தெரிகிறது, அதுவும் உண்மையே. ஆகவே அவருடைய கண்கள் அவரை ஏமாற்றவில்லை. பிழை அதற்கு அடுத்த படியில் நிகழ்கிறது: ஆணின் காதலைக் கண்டவர் அதிலிருந்து பெண்ணின் துரோகத்தைத் தாமே வருவித்துக்கொள்கிறார். செலிமாவுக்கு ஷிராஸ் ஒரே கூரையின்கீழ் வளர்ந்த உறவு. பிரிந்து தவித்த ஒருவனை நெடுநாள் கழித்துக் கண்டால் அவள் கண் கலங்கும், கை பற்றும். உடன் வளர்ந்தவனைக் கண்ட மகிழ்ச்சியும் காதலனைக் கண்ட மகிழ்ச்சியும் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு ஒரே மாதிரிதான் தெரியும்.

இதை மௌனப் படம் சொல்வதால் ஒரு கூடுதல் நுட்பம் கிடைக்கிறது. பேசும் படமாக இருந்திருந்தால் அவர்கள் பேசிக்கொள்ளும் இரண்டு வரிகளில் நமக்கு எல்லாம் விளங்கிவிடும். கதவுக்குப் பின்னால் நிற்பவர் அந்த வரிகளைக் கேட்காமல் இருப்பதற்கு இயக்குநர் ஏதேனும் சாக்குத் தேட வேண்டியிருக்கும். இங்கே இளவரசருக்குக் கிடைக்கும் சான்றும் நமக்குக் கிடைக்கும் சான்றும் ஒன்றே: ஓசையில்லாத சில அசைவுகள். அப்படியிருந்தும் நாம் செலிமாவைச் சந்தேகிப்பதில்லை. காரணம், அவளுடைய பிள்ளைப் பருவத்தையும் குயவர் வீட்டையும் டாலியாவின் திட்டத்தையும் படம் நமக்கு முன்னதாகவே காட்டிவிட்டது. அந்த முற்பகுதியை வெட்டிவிட்டு அந்தப்புரக் காட்சியிலிருந்து படத்தைத் தொடங்கினால் நாமும் இளவரசரின் பக்கமே நிற்போம். மாணவர் குழு ஒன்றுக்கு அப்படியே செய்து பார்த்தோம். பெரும்பாலோர் அவளைக் குற்றவாளி என்றே கருதினர்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். குர்ரமின் நிலையில் காண்பது பொய்யாக இல்லை, விசாரணைதான் இல்லை.

அப்போ அவர் ஏன் ஒரு வார்த்த கேக்கல? ராஜா தானே, விசாரிச்சா என்ன?

விசாரிக்க வேண்டியவரே வழக்குத் தொடுத்தவராகவும் இருப்பதுதான் சிக்கல். சாதாரணக் கணவன் சந்தேகப்பட்டால் வீட்டில் சண்டை வரும், ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள், பேச்சு நீளும். அந்த நீளத்திலேயே உண்மை வெளிவர வாய்ப்பு உண்டு. இளவரசருக்கு அந்தத் தாமதம் வாய்ப்பதில்லை. அவருடைய கோபம் வாயிலிருந்து வெளிப்பட்டதும் ஆணையாகிவிடுகிறது. ஆணை பிறந்ததும் யானை வந்துவிடுகிறது. படத்தின் இப்பகுதி வேகமாக நகர்வதாகச் சிலர் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. அந்த வேகம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்பது என் எண்ணம்.

தமிழ் படித்தவர்களுக்குப் பாண்டியன் நெடுஞ்செழியன் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். பொற்கொல்லன் சொல்லைக் கேட்டு, விசாரியாமல் கோவலனைக் கொல்லச் சொன்ன மன்னரைக் கண்ணகி ‘தேரா மன்னா’ என்று அழைக்கிறாள். அங்கும் அணிகலன் ஒன்றே சான்று: உடைத்த சிலம்பிலிருந்து தெறித்தது பாண்டிமாதேவியின் சிலம்பிலிருக்கும் முத்தன்று, மாணிக்கம். ஆனால் அது தெறித்தபோது கோவலன் உயிரோடு இல்லை. ‘ஷிராஸ்’ படத்தில் பதக்கம் சற்று முன்னதாக வந்து சேர்கிறது. காதல் நாடகமாகப் படம் முடிவதும், காப்பியம் மதுரை எரிவதில் போய் நிற்பதும் இந்தக் கால வேறுபாட்டால்தான்.

யானை கால் தலைமேல வர்ற காட்சி நிஜமா எடுத்ததா, டிரிக்கா?

யானை உண்மையானது, காலுக்கடியில் கிடப்பவர் ஹிமான்ஷு ராய். தூக்கிய கால் அவர் தலைக்கு மேல் நிற்கும் அந்தச் சில நொடிகளில் எங்கள் கூட்டத்தில் யாராவது ஒருவர் ‘ஐயோ’ என்று சொல்லிவிடுவார். யானையால் மிதிக்கச் செய்து கொல்வது முகலாயர் காலத்தில் நடைமுறையில் இருந்த தண்டனை. பயணிகளின் குறிப்புகளில் இடம்பெற்றுள்ளது.

சிறு பிள்ளைகளை அழைத்து வரலாமா என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் காட்சியையும் தொடக்கத்துக் கொள்ளையர் தாக்குதலையும் தவிர அச்சமூட்டுவது வேறு இல்லை. பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் தாராளமாகப் பார்க்கலாம்.

அந்தப் பொண்ணு யாரத்தான்பா விரும்புனா? அவள யாராவது கேட்டாங்களா?

பாட்டி ஒருவர் கேட்ட கேள்வி. அதன்பின் பலமுறை பல வாய்களில் கேட்டுவிட்டேன். அவள் விரும்புவது குர்ரமை. அதில் படம் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. ஆனால் அந்த விருப்பம் எந்த நிலையில் பிறந்தது என்று பாட்டி கேட்டதில் பொருள் இருக்கிறது. விலை கொடுத்து வாங்கியவனிடம், வெளியே போக முடியாத மாளிகையில் உண்டாகும் விருப்பம் எவ்வளவு தூரம் விருப்பம்? அடிமையாக அவள் காட்டும் எதிர்ப்பையும், தன்மானம் விடாமல் நிற்பதையும் படம் காட்டுகிறது என்பது அதன் பெருமை. அதற்கு மேல் அந்தக் கேள்விக்குள் படம் போகவில்லை.

கடைசியில ராஜகுலத்துப் பொண்ணுன்னு சொல்லிட்டாங்களே. அப்போ தடையை மீறின காதல்னு எப்படிச் சொல்றது?

சொல்ல முடியாது என்பதே என் கருத்து. அடிமைப் பெண்ணை இளவரசர் மணக்கக் கூடாது என்ற விதியைக் கதை தானே நிறுவுகிறது; அந்த விதி எவ்வளவு கொடியது என்று நம்மை வருந்த வைக்கிறது; பிறகு அந்த விதியை உடைக்காமல், அவள் அடிமையே அல்லள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறது. விதி அப்படியே இருக்கிறது. அவள் உண்மையிலேயே குயவர் மகளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். ஷிராஸின் உயிரைக் காத்ததும் அவனுடைய குற்றமின்மை அன்று, அவளுடைய குலம். இந்தத் தந்திரம் பின்னாளில் நம் பேசும் படங்களுக்கும் பழகிப்போனது: சாதியோ செல்வமோ குறுக்கே நின்றால், இடைவேளைக்குப் பிறகு ஒரு மச்சமோ தாயத்தோ தோன்றி நாயகியை உரிய இடத்தில் சேர்த்துவிடும்.

உண்மையில் தடையை மீறிய காதல் என்று இப்படத்தில் ஒன்று உண்டென்றால் அது ஷிராஸினுடையது. அவனுக்குப் பதக்கம் எதுவும் கிடைப்பதில்லை. அரண்மனை வாயிலில் கழித்த ஆண்டுகளுக்கும் பதில் கிடைப்பதில்லை. பட்டத்தரசியான பிறகு அவளை நெருங்கவும் முடியாது. தாஜ்மஹாலை அவனுடைய காதலின் அடையாளமாக ஆக்கியது அந்தக் குறையை ஈடுசெய்யத்தான் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு பாதியே. அங்கும் அவன் பெயர் இல்லாமல் போகிறது.

டாலியா கெட்டவளா? அவளுக்கும் பொறாமைதானே, இளவரசருக்கும் பொறாமைதானே?

இரண்டு பொறாமைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லும் இக்கேள்வியைக் கேட்டவர் நெடுநாள் ஆசிரியராக இருந்தவர். டாலியாவின் பொறாமை சரியான கணிப்பின்மேல் நிற்கிறது: இளவரசர் தன்னை விரும்பவில்லை, செலிமாவை விரும்புகிறார் என்பதை அவள் எல்லாருக்கும் முன்னதாக அறிந்துகொள்கிறாள். குர்ரமின் பொறாமை, முன்னர்க் கூறியபடி, தவறான முடிவின்மேல் நிற்கிறது. சரியாகக் கணித்தவள் நாடு கடத்தப்படுகிறாள். தவறாகக் கணித்தவர் பேரரசர் ஆகிறார். அவள் சூழ்ச்சி செய்தாள், ஓர் உயிரைப் பணயம் வைத்தாள் என்பதால் தண்டனை பொருத்தமே. ஆயினும் கொல்லச் சொன்ன வாய் அவளுடையது அன்று.

ஜெர்மன்காரர் எடுத்த படம் எப்படி நம்ம படமாகும்? ஒட்டகம், யானைன்னு வெள்ளைக்காரங்களுக்குக் காட்டத்தானே எடுத்திருக்காங்க?

ஓரளவு உண்மை. ஐரோப்பியத் திரையரங்குகளையும் கருத்தில் வைத்தே ஹிமான்ஷு ராய் படமெடுத்தார். புத்தர் வரலாற்றைச் சொல்லும் 1925-ஆம் ஆண்டுப் படமும், இப்படமும், பாரதச் சூதாட்டக் கதையைத் தழுவி 1929-இல் வந்த ‘பிரபஞ்ச பாசம்’ என்ற படமும் ஒரே முயற்சியின் மூன்று படிகள். மூன்றையும் இயக்கியவர் ஆஸ்டனே. தேவைக்கு மேல் ஒட்டகம் வருகிறது என்ற குறையை நான் மறுக்க மாட்டேன். ஆனால் கதை, தயாரிப்பாளர், திரையில் தெரியும் முகங்கள் எல்லாம் இந்தியர்களுடையவை. வெள்ளையர் முகத்தில் மை பூசி இந்தியராக நடிக்க வைத்த வழக்கம் மேலை நாடுகளில் நிலவிய காலத்தில் இது சிறிய செய்தியன்று. இதே ஹிமான்ஷு ராய் 1934-இல் நடிகை தேவிகா ராணியோடு சேர்ந்து பாம்பே டாக்கீஸ் என்ற பட நிறுவனத்தைத் தொடங்கினார். ஆஸ்டன் அங்கும் பல இந்திப் படங்களை இயக்கினார்.

இவ்ளோ வடநாட்டுக் கதை பேசறீங்க. முதல் தமிழ் மௌனப் படம் எடுத்தவரு நம்ம வேலூர்க்காரராமே?

ஆம். ஆர். நடராஜ முதலியார் 1885-இல் வேலூரில் பிறந்தவர். சென்னைக்குச் சென்று மிதிவண்டி வணிகத்திலும் பின்னர் மோட்டார் உதிரிப்பாக வணிகத்திலும் ஈடுபட்ட அவர், புனேயில் ஸ்டுவர்ட் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் கேமராவைக் கையாளக் கற்றுக்கொண்டார். புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் படப்பிடிப்பு நிலையம் அமைத்து அவர் எடுத்த ‘கீசக வதம்’ தென்னிந்தியாவின் முதல் கதைப்படம். வெளிவந்த ஆண்டை 1916 என்றும் 1917 என்றும் 1918 என்றும் ஆய்வாளர்கள் வேறுவேறாகக் குறிப்பிடுகிறார்கள். சென்னை வெப்பத்தில் பிலிமைக் கழுவுவது கடினமாக இருந்ததால் பெங்களூரில் ஆய்வுக்கூடம் வைத்துக்கொண்டு அங்கே போய்வந்தார் என்பது அவரைப் பற்றிய செய்திகளுள் எனக்குப் பிடித்தது. அந்த ரயில் காட்பாடி வழியாகத்தானே போயிருக்க வேண்டும்.

கீசகன் கதையும் ‘ஷிராஸ்’ படத்துக்கு முற்றிலும் தொலைவானது அன்று. அங்கேயும் ஒரு பெண் தன் பிறப்பை மறைத்துப் பணிப்பெண்ணாக அரண்மனையில் இருக்கிறாள்; அதிகாரம் உள்ளவனின் கண் அவள்மேல் விழுகிறது. நம் ஊர்க் கூத்து மேடைகள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கதை.

அப்போ ‘கீசக வதம்’ போடுங்களேன்!

போட முடியாது, பிரதி ஒன்றுகூட எஞ்சவில்லை. அக்காலப் பிலிம் நைட்ரேட் செல்லுலாய்டால் ஆனது. எளிதில் தீப்பற்றும், பற்றாவிட்டாலும் வெப்பத்திலும் ஈரத்திலும் பிசுபிசுத்துத் தூளாகிவிடும். பேசும் படம் வந்ததும் மௌனப் படங்களுக்கு மதிப்பில்லாமல் போகவே, அவற்றிலிருந்த வெள்ளிக்காகப் பிலிமை விற்றவர்களும் உண்டு. இந்தியாவில் எடுக்கப்பட்ட மௌனப் படங்கள் ஆயிரத்து முந்நூறு அளவில் இருக்கும் என்பார்கள். எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு, அவற்றிலும் பல துண்டுகளே.

‘ஷிராஸ்’ தப்பியதற்குக் காரணம் அதன் பிரிட்டிஷ் தொடர்பு. பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டிருந்த பிலிமிலிருந்து 2017-இல் அதைப் புதுப்பித்தார்கள்.

நீங்க போடறப்ப வர்ற மியூசிக் அந்தக் காலத்துதா? அத நிறுத்திட்டு இளையராஜா பாட்டு போட்டுப் பாக்கலாமா?

அந்தக் காலத்து இசை அன்று. 2017-ஆம் ஆண்டுப் புதுப்பித்தலுக்காகச் சிதார் கலைஞர் அனுஷ்கா சங்கர் அமைத்தது. மௌனப் படத்துக்கு இசை ஊருக்கு ஊர் மாறியதுதான் என்பதால் வேறு இசையை வைத்துப் பார்ப்பது குற்றமாகாது. ஆனால் பாடல் வரிகள் உள்ள இசை வேண்டாம். வரிகள் வந்ததும் அவை பாத்திரங்களின் மனத்தை நமக்குச் சொல்லிவிடுகின்றன; அந்தப்புரக் காட்சியில் செலிமாவின் மனத்தை யாரும் நமக்குச் சொல்லக் கூடாது. நாதஸ்வரம் தெரிந்த நண்பர் ஒருவர் அடுத்த முறை நேரில் வாசிக்கிறேன் என்றிருக்கிறார். யானைக் காட்சியில் மட்டும் தவில் வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.